செவலூரணியில் வெட்டு விழுந்த நாட்கள்

சாத்தூருக்கும் கோவில்பட்டிக்கும் நடுவில், பெரிய வரைபடம் எதிலும் இடம்பெறாத, ஆனால் நாட்டின் எந்த மூலையில் ஒரு புஸ்வாணம் பற்றினாலும் அதன் அட்டைப்பெட்டிக்கு அடியில் பொடி எழுத்தில் தன் பெயரைத் தாங்கிக்கொண்டு போகிற செவலூரணியில், ஆடி மாதத்து முதல் வெள்ளிக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மீரான் பாய் ஜெயக்கொடியின் வீட்டுக் கம்ப்யூட்டரைக் கழற்றி, தரையில் விரித்த பழைய போர்வையின் மேல் படுக்கவைத்து, புதிய கிராபிக்ஸ் கார்டு அந்தப் பழைய மதர்போர்டோடு ஒத்துப்போகுமா என்று பார்த்தார்.

ஜெயக்கொடி பட்டாசுப் பெட்டிகளுக்குப் படம் வரைகிறவள். மயிலும் சிங்கமும் ராக்கெட்டில் ஏறிய குழந்தையுமாகப் பன்னிரண்டு வருடங்களில் அவள் வரைந்து கொடுத்தவை ஆயிரத்துக்குக் குறையாது. அத்தனையும் அந்த ஒரு கம்ப்யூட்டருக்குள் கிடந்தன. தமிழ் எழுத்துக்கான மென்பொருளை அந்த மதர்போர்டு ஒன்றோடு மட்டும் பேசும்படி பூட்டிக் கொடுத்த கம்பெனி என்றோ மூடிப்போய்விட்டது. போர்டை மாற்றினால் ஆயிரம் பெட்டிகளின் பெயர்களும் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். ஆனால் அந்த வருடம் வடக்கத்தி வியாபாரிகள் எல்லாரும், பெட்டியைத் தட்டையாகக் காட்டாதே, போனில் சுற்றிச் சுற்றிக் காட்டு, மேலேயும் கீழேயும் பக்கவாட்டிலும் காட்டு என்று கேட்டார்கள். அதற்குப் புதிய கார்டு வேண்டியிருந்தது. பழைய போர்டையும் விட முடியாது, புதிய கார்டு இல்லாமலும் முடியாது என்பதால்தான் மீரான் பாய் வந்து தரையில் உட்கார்ந்திருந்தார்.

அவர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே சர்வீஸ் கடை வைத்திருப்பவர், நிதானமானவர். முதலில் கார்டு செருகும் இடுக்கைப் பார்த்தார்; நீளம் சரியாக இருந்தது, ஆனால் இரண்டு தலைமுறைக்கு முந்திய இடுக்கு. டேப்பை எடுத்துக் கார்டை அளந்தார். இரண்டு விரற்கடை இடித்தது, ஹார்டு டிஸ்க்கைக் கழற்றி மேலே தூக்கி மாட்டினார். மின்சாரம் கொடுக்கிற பெட்டி போதாது என்று வேறொன்றைப் பொருத்தினார். போர்டுக்குள் இருக்கிற பழைய கட்டளைகளைப் பென் டிரைவிலிருந்து புதுப்பித்தபோது, அந்த மூன்று நிமிடத்தில் கரண்ட் போனால் போர்டு செத்துவிடும் என்பதால், உதடுகள் ஓசையில்லாமல் அசைய நின்றுகொண்டிருந்தார். பிறகு திரை நெடுநேரம் கறுப்பாகவே இருந்தது. பிறகு வெளிச்சம் வந்தது.

"ஓடுது தங்கச்சி. ஆனா ஒண்ணு," என்றார் மீரான் பாய். "கார்டு ரொம்ப வேகம், போர்டு மெதுவு. ரெண்டும் ஈடு கொடுக்காது. அங்கங்க கொஞ்சம் விட்டுப்போகும். கண்ணுக்குத் தெரியாது."

அவர் போன பிறகு ஜெயக்கொடி ஒரு சங்குசக்கரப் பெட்டியைத் திரையில் சுழலவிட்டாள். அந்தப் பெட்டியின் எல்லாப் பக்கத்தையும் கம்ப்யூட்டர் வரைந்து முடிக்க நாலு மணி நேரம் ஆகும் என்று காட்டியது. பட்டனை அமுக்கிவிட்டு அடுப்படிக்குப் போனாள். அடுப்பில் வைத்த பால் அடியில் அசையாமல் கிடந்தது. அடுத்தபடி பார்த்தபோது அடுப்பெல்லாம் வழிந்து கருகிக் கிடந்தது. பொங்கி ஏறியதை அவள் பார்க்கவில்லை. அது ஏறவே இல்லை. கிடந்ததற்கும் வழிந்ததற்கும் நடுவில் ஒன்றுமே இருக்கவில்லை.

அதே நேரத்தில் செவலூரணி முழுவதும் அது நடந்தது. பஸ் ஸ்டாண்டில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் காலி கிளாஸைக் கழுவிக்கொண்டிருந்தார். சலூனில் கன்னத்தில் சோப்பு நுரையோடு சாய்ந்திருந்தவர் மழமழவென்ற முகத்தோடு ரோட்டில் நின்றார். ஒருவர் மேல் ஒருவர் பழி போட்டுக்கொண்டார்கள், பிறகு பேசிப் பார்த்தார்கள், எல்லாருக்கும் அதே நேரத்தில் அதே அளவு காணாமல் போயிருக்கிறது என்று தெரிந்ததும் சண்டையை விட்டார்கள். முன்பு டாக்கீஸில் படம் ஓட்டிய கிருஷ்ணசாமிதான் அதற்குப் பெயர் வைத்தார். ரீலில் நடுவே பத்து அங்குலத்தை வெட்டி ஒட்டினால் கதவோரம் நின்ற கதாநாயகி சட்டென்று கட்டிலில் உட்கார்ந்திருப்பாள் இல்லையா, இது அந்த வெட்டுதான் என்றார். அன்றைக்கு மூன்று வெட்டு விழுந்தது. மறுநாள் ஐந்து.

இப்படித்தான் செவலூரணி வெட்டோடு வாழப் பழகியது. மழை பெய்யாததற்கும் தண்ணீர் லாரி வராததற்கும் எப்படிப் பழகியதோ அப்படியே. சலூன்காரர் கத்தியை எடுத்து உள்ளே வைத்துவிட்டு மிஷினை மட்டும் வைத்துக்கொண்டார். கண்டக்டர்கள் டிக்கெட்டில் பேனாவால் கோடு போட்டார்கள், கொடுத்தோமா இல்லையா என்ற சந்தேகம் வராமலிருக்க. மாரியம்மன் கோவிலில் ஒரு கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்திலேயே வெட்டு விழுந்து, தாலி பெண்ணின் கழுத்தில் இருந்தது, கட்டியதை மாப்பிள்ளை உட்பட யாரும் பார்க்கவில்லை. பெரியவர்கள் கூடிப் பேசி, இன்னொரு கயிறு கொண்டுவரச் சொல்லி மறுபடி கட்டவைத்தார்கள், அதன்பிறகு அந்த ஊரில் எல்லாக் கல்யாணத்திலும் இரண்டு தாலி கட்டுவது வழக்கமாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் ஒரு பெண் கடைசி வலி வராமலே பெற்றாள். வலி வரப்போகிறது என்று பல்லைக் கடித்தவளின் நெஞ்சின் மேல் பிள்ளை கிடந்தது, இது யார் பெற்ற பிள்ளையோ என்று மூன்று நாள் அழுதாள், பால் கொடுத்துக்கொண்டே அழுதாள். அண்ணன் தம்பி இரண்டு பேர் வேலிக்காகச் சண்டை போட்டதில் தம்பியின் கன்னம் சிவந்திருந்தது. அண்ணன் தான் கை ஓங்கவில்லை என்றான், தம்பியும் அடி விழுந்ததைக் காணவில்லை என்றான், ஆனாலும் அவர்கள் பேசிக்கொள்வதை நிறுத்திவிட்டார்கள்.

பயம் மெதுவாகத்தான் வந்தது. அது பட்டாசு ஆலைகளின் பக்கமிருந்து வந்தது. மருந்து கலக்குகிற அறையில் ஒரு நொடி என்பது சின்ன விஷயமில்லை. கையிலிருந்த சல்லடை எப்போது தரைக்குப் போனது, தரையில் எதன் மேல் போனது, உரசியதா உரசவில்லையா என்று தெரியாமல் அடுத்த வேலையைச் செய்ய முடியாது. அதனால் ஆலைகளில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். வேலை செய்யும்போது எல்லாரும் வாய்விட்டு எண்ண வேண்டும், ஒன்றிலிருந்து நூறு வரைக்கும், மறுபடி ஒன்றிலிருந்து. நாற்பத்தொன்றுக்கு அடுத்து நாற்பத்தாறு வந்தால் வெட்டு விழுந்திருக்கிறது என்று அர்த்தம், கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆலைகளில் தொடங்கிய எண்ணிக்கை வீடுகளுக்கும் வந்தது. காகிதக் குழாய் சுருட்டுகிற பெண்கள் எண்ணினார்கள், தோசை வார்க்கிறவர்கள் எண்ணினார்கள், குழந்தையைக் குளிப்பாட்டுகிறவர்கள் எண்ணினார்கள். அந்த நாட்களில் வெளியூரிலிருந்து வந்து இறங்குகிறவர்களுக்கு ஊரே வாய்க்குள் எதையோ முணுமுணுத்துக்கொண்டிருப்பது கேட்கும், அவர்கள் வேலையை முடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸிலேயே திரும்பிவிடுவார்கள்.

இரண்டாவது சனிக்கிழமை காலையில் ஜெயக்கொடி அதைக் கண்டுகொண்டாள். ஜன்னலுக்கு வெளியே பக்கத்து வீட்டுப் பெண்கள் எண்ணியபடி பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். திரையில் சுழன்ற பெட்டி லேசாகத் திக்கியது, வெளியே எண்ணிக்கை பதினெட்டிலிருந்து இருபத்திமூன்றுக்குத் தாவியது. அவள் வேலையை நிறுத்தினாள். அரைமணி நேரம் வெளியே ஒரு எண்ணும் பிசகவில்லை. மறுபடி பட்டனை அமுக்கினாள். பெட்டி திக்கியது. வெளியே ஒரு பெண், வெட்டு, என்று மற்றவர்களிடம் சொன்னாள். ஜெயக்கொடி நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அவள் அதை யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் ஊரே திரண்டு வந்து கம்ப்யூட்டரை நடுத்தெருவில் போட்டு உடைக்கும் என்று பயந்தாள். தீபாவளி ஆர்டருக்கு இன்னும் இருபத்திரண்டு பெட்டிகள் பாக்கி இருந்தன, மாதக் கடைசிக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த வருடம் யாரும் அவளைத் தேடி வரமாட்டார்கள் என்று பயந்தாள். ஒரு நொடி, இரண்டு நொடி, இதில் என்ன ஆகிவிடப்போகிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அவளுடைய கணவன் கனகவேல் ஊருக்குக் கிழக்கே ஒரு ஆலையில் மருந்துக் கலவை அறைக்குப் பொறுப்பாக இருந்தான். அதுவும் அவளுக்குத் தெரியாமல் இல்லை. திங்கட்கிழமை அவன் சாப்பாட்டுத் தூக்கை எடுத்துக்கொண்டு சைக்கிளில் ஏறிப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே வந்து பட்டனை அமுக்கினாள்.

புதன்கிழமை பஸ் ஸ்டாண்டில் நிவிதா காணாமல் போனாள். மூன்று வயது. அவளுடைய அம்மா முத்துச்செல்வி, அடுத்த தெருக்காரி, இடது கையில் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு கோவில்பட்டி பஸ்ஸுக்காக நின்றாள், முப்பது வரை எண்ணியிருந்தாள். முப்பத்தேழு சொல்லும்போது கை காலியாக இருந்தது. அந்த ஏழுக்குள் பிள்ளை கையை விட்டிருக்கிறது, எல்லாரும் வெட்டைத் தாண்டி இந்தப்பக்கம் வந்துவிட்டார்கள், பிள்ளை மட்டும் அதற்குள்ளேயே நின்றுவிட்டது என்று ஊர் புரிந்துகொண்டது. கிணறுகளில் தேடினார்கள், பஸ்களை மறித்துத் தேடினார்கள், போலீஸ் வந்து எழுதிக்கொண்டு போனது. முத்துச்செல்வி வீட்டுக்குப் போகவில்லை. அதே இடத்தில், இரும்புத் தூணுக்குப் பக்கத்தில், இடது கையை விரித்தபடி தொங்கவிட்டு உட்கார்ந்திருந்தாள். அந்தக் கையால் அவள் எதையும் தொடவில்லை, மூடவும் இல்லை. டிரைவர்கள் அந்த இடத்தை விட்டு நாலடி தள்ளி பஸ்ஸை நிறுத்தினார்கள். டீக்கடைக்காரர் வேளைக்கு ஒரு டம்ளர் பால் கொண்டுவந்து அவளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஆறியதும் எடுத்துப்போனார். தாய்மார்கள் சேலைக் கரையைக் கிழித்துப் பிள்ளைகளின் மணிக்கட்டைத் தங்கள் மணிக்கட்டோடு கட்டிக்கொண்டார்கள். பள்ளிக்கூட வாசலில் முடிச்சு அவிழ்க்கவே காலையில் கால்மணி நேரம் ஆனது.

ஜெயக்கொடி வேலையை நிறுத்தினாள். அதன்பிறகு ஒரு வெட்டும் விழவில்லை. ஆனால் கம்ப்யூட்டரை அணைக்க அவளுக்குக் கை வரவில்லை. அணைத்தால் என்ன ஆகும் என்று தெரியவில்லை. கார்டின் விசிறி சின்னச் சத்தத்தோடு ஓடிக்கொண்டே இருந்தது. ஆறு நாள் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கிடந்துவிட்டு, செவ்வாய்க்கிழமை மீரான் பாயைக் கூப்பிட்டு அனுப்பினாள். இயந்திரத்துக்கும் வெட்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது, நேற்றுத்தான் தெரிந்தது என்று சொன்னாள். நேற்று என்று சொன்னபோது திரையைப் பார்த்தபடி சொன்னாள்.

மீரான் பாய் ஆச்சரியப்படவில்லை. கார்டுக்கென்று தனியாக இருக்கிற நினைவுப் பகுதியைத் திறந்து பார்த்தார். அது ஏறக்குறைய நிரம்பியிருந்தது. போர்டால் வாங்க முடியாததைக் கார்டு தூக்கி எறியவில்லை, தனக்குள்ளேயே வைத்துக்கொண்டிருக்கிறது என்றார். ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பால் பொங்கி ஏறுவது இருந்தது. தாலியின் மூன்று முடிச்சும் இருந்தன. அண்ணனின் கை தம்பியின் கன்னத்தை நோக்கிப் போவதும் இருந்தது. புதன்கிழமைக்குள் நிவிதா இருந்தாள், தரையில் கிடந்த ஏதோ மினுமினுக்கிற காகிதத்தை எடுக்கக் குனிந்திருந்தாள், ஒரு கை இன்னும் அம்மாவின் கையைத் தேடிப் பின்னால் நீண்டிருந்தது.

அதற்கு முந்தின திங்கட்கிழமைக்குள் கனகவேல் இருந்தான். கலவை அறையில் தனியாக, கையில் சல்லடையோடு. சல்லடைக்குக் கீழே வெள்ளையாக ஒன்று விரியத் தொடங்கியிருந்தது. அவன் இன்னும் அதைப் பார்க்கவில்லை.

மீரான் பாய் தரையில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தபடியே தான் அறிந்ததைச் சொன்னார். கார்டின் நினைவு கரண்ட் இருக்கும் வரைக்கும்தான். கரண்ட் போனால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துவிடும், பிள்ளையும் சேர்த்துத்தான். வரும் சனிக்கிழமை பராமரிப்புக்காகக் காலை ஒன்பது முதல் ஐந்து வரை மின்தடை என்று அறிவித்திருக்கிறார்கள், யு.பி.எஸ். இருபது நிமிடம் தாங்கும், அதற்குமேல் தாங்காது. அதற்கு முன்னால் கார்டின் வேகத்தைப் போர்டின் வேகத்துக்கு இறக்கிவிட்டால், பிடித்துவைத்ததை எல்லாம் அது ஒவ்வொன்றாகத் திருப்பிக் கொடுக்கும். பழசிலிருந்துதான் தொடங்கும். நடுவில் ஒன்றை மட்டும் தாண்டிவிட முடியாது.

"அப்படின்னா திங்கள் முன்னாடி, புதன் பின்னாடி," என்றாள் ஜெயக்கொடி.

"ஆமா தங்கச்சி. நெருப்பு முன்னாடி, பிள்ளை பின்னாடி."

அந்த நெருப்பு எங்கே திரும்பி வரும், அறைக்கா, அறையில் நின்ற ஆளுக்கா என்று கேட்டாள். அது தனக்குத் தெரியாது என்று மீரான் பாய் சொன்னார்.

சாயங்காலம் கனகவேல் வந்ததும், அவனிடமும் நேற்றுத்தான் தெரிந்தது என்று சொல்லிப் படத்தைக் காட்டினாள். அவன் அதை வெகுநேரம் பார்த்தான். திங்கட்கிழமை பதினொன்றேகால் இருக்கும் என்றான். சல்லடையைக் கையில் வைத்திருந்ததாகவும், பிறகு பார்த்தால் தொட்டியில் கை கழுவிக்கொண்டு நின்றதாகவும், அன்றைக்கு ஏனோ சோறு கசந்ததாகவும் சொன்னான். அவள் சனிக்கிழமை வரை பேசாமல் இருந்துவிடலாம் என்றாள். கரண்ட் தானாகப் போகும், யாரும் எதுவும் செய்யவில்லை என்றாகும், பிள்ளையை ஏற்கெனவே இல்லை என்றுதானே எல்லாரும் நினைக்கிறார்கள் என்றாள். சொல்லிமுடித்த பிறகுதான் தன் வாயிலிருந்து வந்தது அவளுக்கே கேட்டது. அவன் கை கால் கழுவினான், போட்டதைச் சாப்பிட்டான், தட்டைக் கழுவி வைத்தான்.

"நான் தினம் அந்தப் பொண்ணைத் தாண்டித்தான் வேலைக்குப் போறேன், ஜெயா," என்றான். "கையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கா. இவ்வளவு நாள் எனக்குத் தெரியாது, தாண்டிட்டேன். இனிமே எப்படித் தாண்டுவேன்?"

அவள் அழுதாள். அழட்டும் என்று அவன் விட்டான். பிறகு, வெள்ளிக்கிழமை ஆலை விட்டதும் செய்துவிடலாம் என்றும், அறையைக் காலி செய்ய அதுவரை ஆகும் என்றும் சொன்னான். அறைக்கு வந்தால் அறையோடு போகட்டும். தன்னைத் தேடி வந்தால் பக்கத்தில் யாரும் இருக்கக் கூடாது, தான் கண்மாய்க்குள் போய் நின்றுகொள்வதாகச் சொன்னான். கண்மாய் நாலு வருடமாக வறண்டு கிடந்தது, எரிய ஒரு புல்கூட அதில் இல்லை.

அந்த மூன்று நாள் ஜெயக்கொடி அவனைக் கண்ணால் தொட்டுக்கொண்டே இருந்தாள். அவன் சட்டைப் பொத்தானை மாட்டுவது, செருப்பைத் தட்டிப் போடுவது, தண்ணீர் குடிக்கும்போது தொண்டை ஏறி இறங்குவது எல்லாவற்றுக்கும் உள்ளுக்குள் எண்ணினாள், ஒரு எண்ணும் விட்டுப்போகக் கூடாது என்று எண்ணினாள். பயம் அவளுக்கு வயிற்றில் இல்லை, விரல் நுனிகளில் இருந்தது. தொட்ட பாத்திரமெல்லாம் சூடாகத் தெரிந்தது. வெள்ளிக்கிழமை மதியம் அவன் ஆலையிலிருந்தே மதுரையில் நர்சிங் படிக்கிற மகளுக்குப் போன் செய்து, ஹாஸ்டல் சாப்பாட்டில் உப்பு கூடுதலாகப் போடுகிறார்கள் என்று அவள் முன்பு சொன்ன குறை தீர்ந்ததா என்று கேட்டான். வேறு எதுவும் சொல்லவில்லை என்று மகள் பிறகு சொன்னாள்.

ஐந்தரைக்கு ஆலை விட்டது. கலந்த மருந்தையெல்லாம் அவன் முன்பே அப்புறப்படுத்தித் தண்ணீரில் கரைத்துவிட்டிருந்தான். மூலையில் மூட்டையாகக் கிடந்ததை மட்டும் தூக்க நேரமில்லை. காவலாளியை ஒரு சாக்குச் சொல்லி ரோட்டுக் கேட்டுக்கு அனுப்பினான். ஆறு மணிக்கு, வெயில் இன்னும் மஞ்சளாக இருக்கும்போதே, பருத்தி வேட்டியும் பருத்திச் சட்டையுமாகக் கண்மாய்க்குள் இறங்கினான். நைலான் உடம்போடு ஒட்டிக்கொள்ளும் என்பது அந்த ஊரில் எல்லாருக்கும் தெரியும். நடுவில் போய் நின்றுகொண்டு போன் செய்தான். நிக்கிறேன், என்றான்.

மீரான் பாய் கார்டின் வேகத்தைக் கால்வாசிக்கு இறக்கி வைத்துவிட்டுப் பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருந்தார், பிள்ளை வந்ததும் சொல்வதற்காக. வீட்டில் ஜெயக்கொடி மட்டும் இருந்தாள். பட்டனை அமுக்கினாள்.

காணாமல் போனவை திரும்பத் தொடங்கின. சலூன்காரர் கல்லாவில் உட்கார்ந்திருக்கும்போதே, என்றோ மழித்த ஒரு தாடையின் சொரசொரப்பு அவர் விரல்களுக்கு வந்தது. கிணற்றடியில் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்த புதுப்பெண்ணின் பின்கழுத்தில் மூன்று முடிச்சு ஒன்றன்பின் ஒன்றாக விழுந்தது, கட்டிய கை நடுங்கியதுகூட அவளுக்குத் தெரிந்தது. ரேஷன் கடை வரிசையில் கைக்குழந்தையோடு நின்ற ஒருத்தி, வராமல் போன கடைசி வலி இடுப்பைப் பிளந்துகொண்டு வர, அரிசிப் பையைப் போட்டுவிட்டு உட்கார்ந்து, பல்லைக் கடித்து, முடிந்ததும் மடியிலிருந்த குழந்தையை முதன்முறையாகப் பார்ப்பதுபோலப் பார்த்து அதன் நெற்றியை முகர்ந்தாள். வேலியோரம் நின்ற அண்ணன் தன் உள்ளங்கை எரிவதை உணர்ந்தான், நான்தான் அடித்தேன் என்று வேலிக்கு அந்தப்பக்கம் பார்த்துச் சொன்னான். ஊரெல்லாம் ஆட்கள் நடந்துகொண்டே நின்றார்கள், பேசிக்கொண்டே நிறுத்தினார்கள், யாரோ சிரித்தார்கள், யாரோ பாதித் தும்மலைத் தும்மி முடித்தார்கள். திரையில் முதல் வாரம் காலியானது. ஞாயிறு காலியானது. திங்கட்கிழமையின் படம் வந்தது. அவன் கையில் சல்லடை. படம் மறைந்தது.

கிழக்கே சத்தம் கேட்டது. ஜன்னல் கண்ணாடி சட்டத்தோடு அதிர்ந்தது, அலமாரியிலிருந்து ஒரு டப்பா விழுந்து உருண்டது. ஆலையும் கிழக்கேதான் இருந்தது, கண்மாயும் கிழக்கேதான் இருந்தது. எதிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாத சத்தம். அதோடு கரண்ட் போனது.

யு.பி.எஸ். கீச்சிட்டது. இருபது நிமிடம். அவனுக்குப் போன் செய்தாள், மணி போகவில்லை. வாசல் வரை ஓடினாள். கிழக்கே புகை எழுந்துகொண்டிருந்தது, தெருவே அந்தப்பக்கம் ஓடியது. அவளுடைய கால்களும் அதற்குள் படி இறங்கிவிட்டன. இறங்கியவள் நின்றாள். புதன்கிழமை இன்னும் உள்ளே இருந்தது. அதைத் திறந்துவிட்டு ஓடினால், நடுவில் ஏதாவது நின்றுபோனால், தட்டிவிட ஆள் இல்லை. அவள் திரும்பி உள்ளே வந்தாள். பேட்டரி கூடுதலாக நிற்கட்டும் என்று திரையை அணைத்தாள். இப்போது எதுவும் தெரியவில்லை, விசிறியின் சத்தமும் கீச்சொலியும் மட்டும். இருட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்து எண்ணினாள். ஒன்றிலிருந்து நூறு. மறுபடி ஒன்று. அவன் உயிரோடு இருக்கிறான் என்று ஒரு எண், இல்லை என்று ஒரு எண். ஏழாவது நூறில், எழுபத்தியிரண்டில், போன் அடித்தது.

"வந்துட்டா," என்றார் மீரான் பாய். அவருக்குப் பின்னால் ஏதோ பெரிய அழுகை கேட்டது, ஒருத்தியுடையதா ஊருடையதா என்று தெரியவில்லை. "காயிதத்தைக் கையில வச்சிருக்கா. அம்மா கையைப் பிடிச்சுட்டா."

ஜெயக்கொடி செருப்பில்லாமல் ஓடினாள். புகையைப் பார்த்து ஓடுகிறவர்களை விட்டுப் பிரிந்து, கருவேல மரங்களுக்குள் புகுந்து, கரை ஏறிப் பார்த்தாள். கண்மாய்க்கு நடுவே, வெடித்த மண்ணின் மேல், அவன் உட்கார்ந்திருந்தான். வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அதில் ஒன்றுமில்லை. சட்டையில் ஒரு பொறிகூட இல்லை. போன் பக்கத்தில் கிடந்தது.

"பிள்ளை?" என்றான்.

"வந்துட்டா."

அவன் தலையாட்டினான். அறை போய்விட்டது, ஆனால் தனக்குள்ளும் அது வந்துவிட்டுப் போனது என்று மெதுவாகச் சொன்னான். சல்லடை கையிலிருந்தது, வெளிச்சம் வந்தது, கை போனது, மீதியும் போனது, பிறகு பார்த்தால் கண்மாயில் உட்கார்ந்திருக்கிறேன் என்றான். அவள் அவன் கையை எடுத்து விரல் விரலாகத் தொட்டுப் பார்த்தாள். ரொம்பப் பயந்துவிட்டாயா என்று கேட்டாள்.

"பயப்பட எங்க நேரம் இருந்துச்சு?" என்றான். அவள் முகத்தைப் பார்த்தான். "அது மொத்தமும் உனக்குல்ல வந்திருக்கு."

அவள் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். புகை வடக்கே சாய்ந்து போய்க்கொண்டிருந்தது. பாயிடமும் அவனிடமும் சொன்னது பொய் என்று சொன்னாள். இரண்டாவது சனிக்கிழமையே தெரியும். தெரிந்தேதான் திங்கட்கிழமை அமுக்கினேன், நீ சைக்கிளில் ஏறிப்போன பிறகு. தெரிந்தேதான் புதன்கிழமையும் அமுக்கினேன்.

கனகவேல் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். பிறகு எழுந்தான்.

"எங்கிட்ட சொல்லிட்ட. அந்தப் பொண்ணுகிட்டயும் நீதான் சொல்லணும்."

பஸ் ஸ்டாண்டில் கூட்டம் கலையவில்லை. முத்துச்செல்வி தூணுக்குப் பக்கத்திலேயே இருந்தாள், பிள்ளையை மடியில் வைத்து, ஒன்பது நாள் விரித்தே வைத்திருந்த இடது கையால் அதன் கையைப் பொத்திப் பிடித்திருந்தாள். நிவிதாவுக்கு ஒன்றும் புரியவில்லை, பஸ் ஏன் இன்னும் வரவில்லை என்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஜெயக்கொடி கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்தாள். உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தாள்.

முத்துச்செல்வி அவளைப் பார்த்தாள், ஆனால் பார்வை அவளிடம் நிற்கவில்லை, பிள்ளையின் தலைக்கே திரும்பிவிட்டது.

"நாளைக்கு வந்து சொல்லுங்கக்கா," என்றாள். "இன்னைக்கு எனக்கு எதுவும் காதுல விழாது."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, இரவில் திரும்பி வந்திருந்த கரண்ட் அறிவித்தபடி ஊர் முழுக்க மறுபடி நின்றபிறகு, ஜெயக்கொடி அடுத்த தெருவுக்குப் போய்ச் சொன்னாள்.